இரண்டு ஆம்பியர் மூச்சு

“ஆம்பியர் பெருசா, வாட் பெருசாம்மா?” என்று என் மகள் ருகையா சிறுவயதில் ஒருமுறை கேட்டாள். ஆம்பியரை வோல்ட்டால் பெருக்கினால் வாட். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் என்றேன். பஸ்ராவில் இந்தக் கணக்குத் தெரியாமல் கோடையைத் தாண்ட முடியாது. அரசு மின்சாரம் போனால் தெரு ஜெனரேட்டர்தான். அதை ஆம்பியர் கணக்கில் விற்பார்கள்.

என் கணவர் ஷாகிரின் ஆக்ஸிஜன் மெஷினுக்கு முந்நூற்றைம்பது வாட் வேண்டும். நாங்கள் வாங்கியது இரண்டு ஆம்பியர். இருநூற்று இருபது வோல்ட்டில் அது நானூற்று நாற்பது வாட், தாராளம். ஆனால் அந்த ஆகஸ்டில் ஜெனரேட்டர் ஓடும்போதெல்லாம் மெஷின் கத்தியது, பிரேக்கர் விழுந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தால் நூற்றைம்பது வோல்ட்.

ஜெனரேட்டர்காரர் அபூ தர்காமிடம் போனேன்.

“ரெண்டு ஆம்பியர் வாங்குனீங்க, ரெண்டு வருது. இன்னும் என்னக்கா?”

“நூத்தம்பதுல ரெண்டு வந்தா முந்நூறு வாட்தான். பால்ல தண்ணி ஊத்திட்டு, படி நிறைஞ்சுதானே இருக்குங்கிறியா?”

“அப்ப மூணா எடுத்துக்கங்க.”

“ஒல்லிக் கம்பியில ஊரையே தொங்கவிட்டது நீ. அவர் மூச்சுக்கு நான் ஏன் ரெண்டு தடவ விலை கொடுக்கணும்? அளவுல குறைக்கிறவன அல்லாஹ் பாத்துட்டுதான் இருக்கான்.”

“அக்கா கால்குலேட்டரை முழுங்கிட்டு வந்திருக்காங்க!” என்று யாரோ சிரித்தார்கள்.

மறுநாள் ஷாகிரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு, மெஷினோடு அபூ தர்காமின் அலுவலகத்துக்குள்ளேயே போய்ச் செருகினேன்.

“இங்க இருநூத்தி இருபது வருதுல்ல? கம்பிய மாத்துற வரைக்கும் இவர் இங்கதான்.”

“வாடிக்கையாளர் வர்ற எடம்க்கா!”

“வரட்டும். அவங்களும் மீட்டர் கொண்டு வரட்டும்.”

“சத்தந்தான் காதைப் பொளக்குது. ஆனா மூச்சு நல்லா வருது,” என்றார் ஷாகிர்.

அஸர் தொழுகை முடித்தவர்கள் வாசலில் கூடினார்கள். சிலர் கையில் மீட்டர் இருந்தது. இருட்டுவதற்குள் எங்கள் வரிசைக்குத் தடித்த கம்பி வந்துவிட்டது.

அடுத்த நண்பகலில் சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டு உம்மு நவ்ரஸின் ஏர் கூலர் உறுமியது. மெஷின் கத்திய நாட்களில் சில மதியங்களில் வோல்ட் திடீரென்று நூற்றெழுபத்தைந்துக்கு ஏறும். அது முந்நூற்றைம்பது வாட். மெஷினுக்குச் சரியாக இருக்கும். இறைவனின் கருணை என்று நினைத்திருந்தேன். அந்த மதியங்களில் இந்தக் கூலர் சத்தம் கேட்டதே இல்லை.

“அப்பல்லாம் கூலரை நிறுத்திட்டியா?” என்று கேட்டேன்.

“எனக்குக் குளிருச்சுக்கா,” என்றாள். கழுத்தெல்லாம் வேர்க்குரு.

அடுத்த கோடையில் அவள் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஒரு மதியம் அரசு மின்சாரம் சோர்ந்து, எங்கள் இரு வீட்டுக் கூலர்களும் முனகின. பக்கத்தில் பச்சைக் குழந்தை வீறிட்டது. ஷாகிர் நல்ல உறக்கத்தில் இருந்தார். எழுந்து எங்கள் கூலரை அணைத்தேன். அவருக்கு விசிறியபடி உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அப்பால் காற்று வேகமெடுத்தது.