நான்காவது குடிசை விருந்தாளி

படகை விட்டு இறங்கியவர்கள் முதலில் எங்கே பார்க்கிறார்கள் என்பதை வைத்தே, தங்குவார்களா, வந்த படகிலேயே ஓடிவிடுவார்களா என்று நான் சொல்லிவிடுவேன். கூரையை அண்ணாந்து பார்க்கிறவர்கள் பல்லியைத் தேடுகிறவர்கள். அவர்களுக்கு நான் வாடகைக்கு விடுகிற தென்னங்கீற்றுக் குடிசை ஆகாது. குளிக்கிற வாளியைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போகிறவர்களுக்கும் ஆகாது. பையை மணலில் போட்டுவிட்டுக் கடலையே பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள் தங்குவார்கள். மின்விசிறி இல்லை என்பதே அவர்களுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் உறைக்கும்.

என் தம்பி லிசியாதே இறங்கியபோது கூரையையும் பார்க்கவில்லை, கடலையும் பார்க்கவில்லை. முதல் குடிசையின் கதவுக் கீலைப் பார்த்தான். அது தொங்கிப்போய் ரொம்ப நாளாகிறது. ஆக்லாந்தில் இத்தனை வருஷம் தச்சுவேலை பார்த்தவன், பார்த்துவிட்டு நடந்தான். எந்த ஊர் என்றே தெரியாத வெள்ளைக்காரிகளின் மனசையெல்லாம் படித்துவிடுகிறவள் நான். கூடப்பிறந்தவன் தங்குவானா போவானா என்று எனக்குத் தெரியவில்லை.

அவன் பின்னால் ஒரு நீலப் பெட்டி வந்தது. நான்கு சக்கரம் வைத்த பெட்டி. மணலில் ஒரு சக்கரமும் உருளவில்லை. உழுதுகொண்டு வந்தது.

"என்ன மச்சான், வண்டியெல்லாம் கொண்டாந்திருக்க! இங்க ரோடு போட்டுட்டாங்கன்னு எவன் சொன்னான் உனக்கு?" என்றார் என் வீட்டுக்காரர் பெனிசிமானி.

"பசங்க வாங்கிக் குடுத்தாங்க அத்தான்."

"பசங்க வாங்கிக் குடுத்தா தலைல தூக்கி வெச்சுக்க. இப்படியே இழுத்துட்டுப் போனா என் தீவுல பாதி மணல் உன் பின்னாலயே வந்துரும்."

எனக்கும் நாக்கு நுனியில் நாலு கேலி இருந்தது. விழுங்கிக்கொண்டேன். நடுச்சமுத்திரத்தில் கிடக்கும் இந்த ஹாப்பாய்த் தீவுகளில் என் வாய்க்குத் தப்பித்தவர்கள் குறைவு, பாதிரியார் உட்பட. ஆனால் தம்பி முன்னால் அக்கா கேலி பேசுவதில்லை. விவரம் தெரிந்த வயதிலிருந்து நாங்கள் ஒரு பாயில் உட்கார்ந்ததில்லை, ஒரு கூரையின் கீழே படுத்ததில்லை. மரியாதை என்றால் எங்களுக்கு அதுதான்.

போன வருஷம் அவன் மனைவி செத்துப்போனாள். ஆக்லாந்தில் மூத்த மகன் வீட்டில் தரைவிரிப்புப் போட்ட ஓர் அறையை அவனுக்காக ஒழித்து வைத்திருக்கிறார்கள். 'ஊரைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்' என்று கிளம்பி வந்திருக்கிறான். திரும்பிப் போகிற டிக்கெட்டையும் பிள்ளைகளே எடுத்துக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள்.

அவன் இங்கேயே இருந்துவிட வேண்டும் என்று எனக்கு அப்படி ஓர் ஆசை. மறைக்க என்ன இருக்கிறது? எங்கள் வீட்டில் பிறந்தவர்களில் நாங்கள் இருவர்தான் மிச்சம். நான்காவது குடிசையிலிருந்து அவன் இருமுகிற சத்தம் காற்றில் வந்தால் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

இருடா என்று ஒரு வார்த்தை சொல்லலாம். சொன்னால் இருந்துவிடுவான். அதுதான் சிக்கல். அக்கா வாய் திறந்து கேட்டால் தம்பி இல்லை என்று சொல்லக் கூடாது. கேட்கக்கூட வேண்டாம், நல்லா இருக்கே என்றால் போதும். வாலிபத்தில் முதல் சம்பளத்தில் பங்காய் ஊர்க் கடையில் கட்டம் போட்ட சட்டை ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தான். எனக்கு அப்போது புதிதாகக் கல்யாணம் ஆகியிருந்தது. யோசிக்காமல், "சட்டை நல்லா இருக்கே தம்பி" என்றுவிட்டேன். அன்று சாயங்காலமே அந்தச் சட்டை என் வீட்டுக் கொடியில் தொங்கியது. அவன் பழைய சட்டையோடு திருவிழாவுக்குப் போனான். அந்தக் கட்டம் போட்ட சட்டை என் வீட்டுக்காரருக்குப் பாதி வயிறு வரைக்கும்கூட வரவில்லை. அன்றிலிருந்து அவனிடம் பேசும்போது ஒவ்வொரு வார்த்தையையும் பார்த்துப் பார்த்துத்தான் பேசுவேன்.

ஒரு சட்டைக்கே அப்படி என்றால், மிச்ச ஆயுசைக் கேட்டால்? கொடுத்துவிடுவான். அது அவன் ஆசையா, என் அதிகாரமா என்று சாகிற வரைக்கும் எனக்குத் தெரியாது. பேரப்பிள்ளைகளின் போட்டோவைப் பார்த்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருப்பதையும்தான் பார்க்கிறேன். அதனால் கேட்பதில்லை என்று முடிவு செய்தேன். இடத்தை நன்றாக வைத்துக்கொள்வோம், பிடித்தால் அவனாகவே இருக்கட்டும். வருகிற வெள்ளைக்காரர்களை அப்படித்தானே தங்க வைக்கிறேன்.

ஓரத்தில் இருக்கும் நான்காவது குடிசையை அவனுக்குக் கொடுத்தேன். அதுதான் இருப்பதில் நல்லது. கொசுவலையைத் துவைத்துக் கட்டினேன். துண்டை மடித்து அதன் மேல் சம்பங்கிப் பூ வைத்தேன். காலையில் பப்பாளியை நறுக்கி, எலுமிச்சை பிழிந்து, தட்டை மூடி வாசல்படியில் வைத்துவிட்டு வருவேன். ஒருநாள் முதல் குடிசைப் பக்கம் தட்டுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் சுத்தியலும் கையுமாகக் கீலைக் கழற்றிக்கொண்டிருக்கிறான்.

"ஐயோ, இதெல்லாம் உனக்கு எதுக்குப்பா? நீ வந்த இடத்துல சும்மா இரு" என்று சுத்தியலை வாங்கிக்கொண்டேன்.

"சும்மாதான் அக்கா இருக்கேன்."

"வேலை செய்யவா வந்த? போய்ப் படு. காத்து நல்லா வருது."

அவன் கொஞ்ச நேரம் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு போய்ப் படுத்தான். எனக்குப் பெருமையாக இருந்தது, தம்பியை எப்படித் தாங்குகிறேன் பார் என்று.

அப்படியே நாட்கள் போயின. எங்கள் தீவில் நாட்கள் போவது யாருக்கும் தெரிவதில்லை. நீர் வற்றும்போது பன்றிகள் இறங்கிப் போய்ப் பாறைகளுக்கு நடுவே சிப்பி தேடும். நீர் ஏறும்போது திரும்பி வரும். அதைத் தவிர அன்று ஒன்றும் நடந்திருக்காது. மதியத்தில் எல்லாச் சத்தமும் அடங்கி, தென்னை ஓலைகள் மட்டும் ஒன்றோடொன்று ஏதோ பேசிக்கொண்டிருக்கும். கண்ணை மூடினேனா, திறந்திருந்தேனா என்று எனக்கே தெரியாமல் இருப்பேன். நிழல் காலிலிருந்து முழங்காலுக்கு ஏறியிருக்கும். கடலில் ஒரு திமிங்கிலம் முதுகைக் காட்டிவிட்டு அமிழும். பார்த்தது நிஜமா என்று கேட்க ஆள் தேடினால் எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

அது திமிங்கிலங்கள் குட்டி போட வருகிற பருவம். விடிந்ததும் லிசியாதே இடுப்பளவு தண்ணீரில் போய் நிற்பான். மூச்சை இழுத்துக்கொண்டு தலையை மட்டும் உள்ளே விடுவான். எழுந்து முகத்தைத் துடைத்துவிட்டு மறுபடியும் உள்ளே போவான். தண்ணீருக்கு அடியில் அவை பாடுவதைக் கேட்கிறான். நான் சமையல் குடிசையில் நின்றுகொண்டே பார்ப்பேன். நரைத்த தலை உள்ளே போகும், வரும். அவனுக்கு வயது குறைந்துகொண்டே போவதுபோல எனக்குத் தெரியும்.

"என்ன பாடுது?" என்று ஒருநாள் கேட்டேன். நான் அடுப்படியில், அவன் வெளியே பூவரச மரத்தடியில். நடுவே ஓலைத் தட்டி. நாங்கள் பேசிக்கொள்வது அப்படித்தான்.

"அதே பாட்டுதான் அக்கா. அங்க குளிர்ல படுத்திருக்கும்போது காதுல கேக்கும். ஃப்ரிட்ஜ் சத்தம்னு மருமக சொல்லுவா."

"அங்க இருக்குறது வசதிதான், இல்ல?"

"வசதிதான்."

"பசங்க நல்லாப் பாத்துக்குறாங்க."

"நல்லாப் பாத்துக்குறாங்க. இங்கயும் நீங்க நல்லாப் பாத்துக்குறீங்க."

தட்டிக்கு அந்தப் பக்கம் அவன் எதற்கோ காத்திருந்ததுபோல் இருந்தது. இப்போது நினைத்தால் தெரிகிறது. அப்போது நான் தேங்காய்ப்பாலைப் பிழிந்துகொண்டு, வாயைத் திறந்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலில் இறங்குவதில்லை. குழியடுப்பில் சேம்பிலைப் பொட்டலங்களையும் வள்ளிக்கிழங்கையும் வைத்து மூடிவிட்டு உட்கார்ந்திருந்தோம். காற்று திரும்பியபோது அடுத்த தீவின் கோயில் பாட்டு தண்ணீர் மேலே மிதந்து வந்தது. லிசியாதே தன் குடிசை வாசலில் இருந்தபடி அடிக்குரலில் சேர்ந்து பாடினான். நான் இங்கிருந்து பாடினேன். என் வீட்டுக்காரர் நடுவில் குறட்டை விட்டார். பாட்டு முடிந்தும் காற்றில் இருந்துகொண்டே இருந்தது. அவன் இருக்கப் போகிறான் என்று அன்று எனக்கு உறுதியாகத் தோன்றியது.

படகு வருகிற நாள் காலையில் அவன் பெட்டியைக் கட்டிவிட்டான்.

கொடியில் கிடந்த அவன் சட்டைகள் இல்லை. நான்காவது குடிசையின் ஜன்னல் ஓலை இறக்கிவிடப்பட்டிருந்தது. அடுப்பில் மீன் கருகுகிற வாசனை வந்தும் நின்றுகொண்டே இருந்தேன். என் வீட்டுக்காரர் சாவகாசமாக வந்து தேநீர் கேட்டார்.

"அவன் போறான்யா" என்றேன்.

"போகத்தான போறான். நீ ஒண்ணும் கேக்கலையே."

"நான் எதுக்குக் கேக்கணும்? அவன் இஷ்டம்."

"நீ கேக்கலைங்குறதத்தான் அவனும் சொன்னான். முந்தாநாள் ராத்திரி கவா வேர்ச்சாறு குடிக்கும்போது. உன்கிட்ட சொல்லணும்னு நெனச்சேன், அப்படியே தூங்கிட்டேன்."

"என்ன சொன்னான்?"

அவர் தலையைச் சொறிந்தார். "'அக்கா என்கிட்ட ஒண்ணுமே கேக்க மாட்டேங்குறாங்களே அத்தான்'னான். 'என்கூட வேலை பாத்தவனுக்கெல்லாம் அக்கா தங்கச்சிங்க ஊருலேர்ந்து போன் போட்டு, கல்யாணத்துக்குப் பாய் வேணும், சாவுக்குப் பன்னி வேணும், கூரைக்குத் தகரம் வேணும்னு உசுர எடுப்பாங்க. அவனுங்க திட்டிக்கிட்டே அனுப்புவானுங்க. எனக்குத் திட்டக்கூட ஒரு போன் வந்ததில்ல. இங்க வந்தா துண்டுல பூ வெச்சுத் தர்றாங்க. கையில இருந்த சுத்தியலையும் புடுங்கிக்கிட்டாங்க. நான் என்ன வெள்ளைக்காரனா?'ன்னு கேட்டான். அழுதான்னு நெனக்கிறேன். இருட்டுல சரியாத் தெரியல."

"ஏன்யா, இத இப்பவா சொல்லுவ?"

"இன்னொண்ணும் சொன்னான். 'நானா இங்க இருந்துக்குறேன்னா, எங்கள வேணாங்குறியாப்பான்னு பசங்க அழுவாங்க. அத்தை கேட்டாங்கன்னா ஒருத்தனும் வாயைத் தொறக்க மாட்டான்'னு."

அவனுடைய சட்டையைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து இத்தனை வருஷமாக அவனை யாரோவாக்கி வைத்திருந்திருக்கிறேன். துண்டையும் பூவையும் நினைத்தாலே உடம்பு கூசியது. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். என் உடம்புக்கு ஓட்டம் என்பது பெரிய வார்த்தை, இருந்தாலும் ஓடினேன்.

படகுக்காரன் சிதானி முழங்கால் தண்ணீரில் படகைப் பிடித்துக்கொண்டு நின்றான். லிசியாதே பயணத்துக்கென்று, எங்கள் வழக்கப்படி மரியாதைக்கு இடுப்பில் பின்னிய பாய் கட்டி, தலை சீவி, நீலப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தான். மணலில் அதே பழைய உழவு. என்னைப் பார்த்ததும் தலையைத் தாழ்த்திக்கொண்டான்.

"போய்ட்டு வரேன் அக்கா."

இருடா என்று சொல்லத்தான் ஓடி வந்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் அந்த வார்த்தை வரவில்லை. மூச்சு வேறு வாங்கியது. கண்ணில் பட்டது அந்தப் பெட்டிதான்.

"தம்பி," என்றேன், "பெட்டி நல்லா இருக்கே."

அவன் அசையவில்லை. பெட்டியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அக்கா முகத்தை அப்படி நேராக அவன் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருக்கும். பிறகு அப்படியே மணலில் மண்டியிட்டு ஜிப்பைத் திறந்தான். சட்டைகளை எடுத்தான். கால்சட்டைகளை எடுத்தான். பேரப்பிள்ளைகளின் போட்டோவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். உள்ளே ஒன்றுமில்லை என்று தடவிப் பார்த்து, ஜிப்பை மூடி, சக்கரத்தில் ஒட்டியிருந்த மணலைக் கையால் தட்டிவிட்டு, இரண்டு கையாலும் என் முன்னால் நகர்த்தினான்.

"எடுத்துக்கங்க அக்கா."

"பெரியவரே, ஏறலையா? தண்ணி வத்துது" என்று சிதானி கத்தினான்.

"எதுல துணியக் கொண்டு போறது?" லிசியாதே மணலில் கிடந்த துணிகளைக் காட்டினான். "பெட்டிய எங்க அக்கா கேட்டுட்டாங்க."

"அக்கா கேட்டுட்டாங்களா?" சிதானி தொப்பியைக் கழற்றி மறுபடியும் போட்டுக்கொண்டான். "அப்ப சரி." படகைத் திருப்பி மோட்டாரை இழுத்தான்.

துணிகளை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு லிசியாதே குடிசைகளைப் பார்த்து நடந்தான். நான் பெட்டியை இழுத்துக்கொண்டு பின்னால் போனேன். ஒரு சக்கரமும் உருளவில்லை. சனியன், கல்லாகக் கனத்தது. முதல் குடிசையிடம் வந்ததும் அவன் நின்றான். திரும்பாமலேயே கேட்டான்.

"அக்கா, சுத்தியல எங்க வெச்சீங்க?"

"அடுப்புக்கு மேல, பரண்ல" என்றேன். "அந்தக் கீலப் பாத்துடு. ரெண்டாவது குடிசை ஜன்னல் மூட மாட்டேங்குது. எனக்குச் சமையல்ல ஒரு பலகை வேணும், எட்டுற உயரத்துல. கோழிக்கு ஒரு கூண்டு வேணும்."

கேட்கக் கேட்க அவன் முதுகு நிமிர்ந்தது.