போதிய அவகாசம்

கம்பெனியிலிருந்து வந்த கடிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தேதி சரி, விமானத்தின் எண் சரி, அன்றைக்கு அடித்த காற்றின் வேகம்கூடச் சரி. ஒரே ஒரு வரிதான் கேப்டன் டோருன் ஹெல்லெவிக்கைக் கொதிக்க வைத்தது: "தரையிறங்கும்போது கேப்டன் தானியங்கி விசைக்குப் போதிய அவகாசம் அளிக்கவில்லை."

அவகாசமாம்! முந்நூறு அடி உயரத்தில், முதுகுக்குப் பின்னால் நூற்று அறுபத்திரண்டு பேர் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்க, மெஷினுக்கு அவகாசம் கொடுக்க வேண்டுமாம். ஆற அமரக் காபி குடித்துவிட்டு வா ராசா, நாங்கள் காத்திருக்கிறோம் என்று சொல்லியிருக்க வேண்டுமோ?

நடந்தது இவ்வளவுதான். மூன்று வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஓஸ்லோவிலிருந்து பெர்கனுக்கு வந்துகொண்டிருந்தார்கள். காற்று மலைகளைத் தாண்டி வந்து ஓடுபாதை மேல் தாறுமாறாக விழுந்துகொண்டிருந்தது. விமானத்தை டோருன் கையாலேயே இறக்கினாள். எஞ்சின்களின் விசையைக் கூட்டிக் குறைப்பதை மட்டும் தானியங்கி பார்த்துக்கொண்டது. சக்கரம் தரையைத் தொடும்வரை அதை அணைக்கக் கூடாது என்பது கம்பெனி விதி.

திடீரென்று ஒரு காற்று எதிரே அறைந்தது. வேகம் எகிறியது. தானியங்கி உடனே விசையைக் குறைத்தது. அவள் உள்ளங்கைக்குக் கீழே நெம்புகோல்கள் தாமாகவே கடைசிவரை பின்னால் போயின. அடுத்த நொடி காற்று செத்துப்போனது. வேகம் மளமளவென்று சரிந்தது.

"ஸ்பீடு!" என்று கத்தினான் துணை விமானி யூஸ்தைன்.

தானியங்கி அப்போதுதான் யோசிக்க ஆரம்பித்திருந்தது. டோருன் கட்டைவிரலால் பொத்தானை அழுத்தி அதை அணைத்தாள். நெம்புகோல்களை முன்னால் தள்ளினாள். எஞ்சின்கள் உறுமி எழுந்தன. விமானம் பிழைத்து, கொஞ்சம் அழுத்தமாகத் தரையில் உட்கார்ந்தது. பயணிகள் போனைப் பார்த்துக்கொண்டே இறங்கிப் போனார்கள். யூஸ்தைனுக்கு மட்டும் இருக்கையை விட்டு எழ ஐந்து நிமிடம் ஆனது.

பதிவுப்பெட்டி எல்லாவற்றையும் கம்பெனிக்குச் சொல்லிவிட்டது. பொத்தானை எந்த நொடியில் அழுத்தினாள் என்பதுவரை சொன்னது. ஏன் அழுத்தினாள் என்று அதைக் கேட்பாரில்லை.

வெள்ளிக்கிழமை தலைமை விமானி அவுடுன் கூப்பிட்டனுப்பினான். அலுவலகம் முழுக்க வாஃபிள் வாசனை. வெள்ளிக்கிழமை ஆனால் போதும், யார் வேலை போனாலும் அங்கே வாஃபிள் மட்டும் நிற்காது.

"உட்காரு டோருன். வாஃபிள் சாப்பிட்டியா? இன்னிக்குப் பழுப்புச் சீஸ் வேற வச்சிருக்காங்க."

"வேணாம். உன் கடுதாசியிலேயே வயிறு நெறஞ்சிடுச்சு."

அவன் சிரித்தான். அவன் நல்லவன்தான், அதுதான் எரிச்சல். கத்துகிறவனாக இருந்தால் திருப்பிக் கத்தலாம். இவன் மெத்தையில் வைத்து அமுக்குகிற ரகம்.

"பெருசுபடுத்தாதே. 'என் தவறை ஏற்கிறேன்'னு கீழ ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். ஆகஸ்ட்ல நீ பயிற்சி குடுக்கற கேப்டன். பதினோரு வருஷமாக் கேட்டுட்டிருந்தியே?"

"போடலேன்னா?"

"அப்ப... ஆகஸ்ட் பட்டியல்ல உன் பேரை எப்படி வைக்கிறது, நீயே சொல்லு."

பதினோரு வருஷம். அவளுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் எல்லாம் புதியவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இந்த ஒரு பதவிக்காக அவள் எத்தனையோ அபத்தங்களுக்கு வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். பேனா மேசைமேல் தயாராக இருந்தது.

"போன ஜனவரியில நம்ம கேப்டன் ஸ்யால்க் விதிப்படிதானே நடந்தான்? தானியங்கியை அணைக்காமத்தானே விட்டான்? விமானத்தோட வால் தரையில இடிச்சுது. அவனுக்கு என்ன எழுதின? 'கேப்டன் உரிய நேரத்தில் தலையிடவில்லை.' அவன் தலையிடல, தப்பு. நான் தலையிட்டேன், அதுவும் தப்பு. மெஷின் மட்டும் தப்பே பண்ணாத உத்தமன், இல்ல?"

"அது வேற விஷயம், டோருன்."

"என்ன வேற? ரெண்டு கடுதாசியிலயும் ஒரே கையெழுத்து. உன்னோடது."

அவுடுனின் கழுத்து சிவந்தது. "சும்மா ஒண்ணும் எழுதல. சிமுலேட்டர் அறையில அதே காத்து, அதே எடை, எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல போட்டு ரெண்டு தடவை இறக்கிப் பார்த்துட்டுத்தான் எழுதினோம்."

சொல்லி முடித்த பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாது என்று அவன் முகத்தில் தெரிந்தது.

"ஓகோ. இறக்கிப் பார்த்தீங்களா? கடுதாசியில அதைக் காணோமே. யார் ஓட்டினது?"

"நான்தான்."

"முதல் தடவை?"

அவன் காபிக் கோப்பையை நகர்த்தினான். "விதிப்படி அணைக்காம விட்டேன்."

"விட்டு?"

"ஓடுபாதைக்கு நூறு மீட்டர் முன்னாடி. புல்லுல."

யூஸ்தைன், நூற்று அறுபத்திரண்டு பேர், அவள். புல்லில். இதைத் தெரிந்துகொண்டே இந்த மனிதன் அவளை வாஃபிள் சாப்பிடச் சொல்கிறான்.

"ரெண்டாவது தடவை?"

அவன் கடிதத்தின் ஓரத்தை நீவிவிட்டான்.

"அவுடுன். ரெண்டாவது தடவை என்ன பண்ணின?"

"அணைச்சேன்," என்றான் அவன், மிகவும் மெதுவாக. "யோசிக்கல. கை தானாப் போயிடுச்சு."

"எத்தனை அடியில?"

"முந்நூத்தி நாப்பது."

"எனக்கு முன்னாடியே! நானாவது முந்நூறு வரைக்கும் அவகாசம் குடுத்தேன்டா."

அவள் காகிதத்தை அவன் பக்கம் திருப்பித் தள்ளினாள். பேனாவை அதன்மேல் வைத்தாள்.

"தவறை ஏற்கிறேன்னு முதல்ல நீ போடு. அதுக்குக் கீழ நான் போடறேன்."

அவன் பேனாவைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். யாரோ கதவைத் தட்டி, வாஃபிள் தீரப்போகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். டோருன் காத்திருந்தாள். அவன் கை கடைசிவரை பேனாப் பக்கம் போகவே இல்லை.

பட்டியல் அடுத்த புதன்கிழமை வந்தது. டோருனின் பெயர் அதில் இல்லை. கீழே அவுடுன் தெளிவாகக் கையெழுத்துப் போட்டிருந்தான்.