கப்பல் கோட்டு

கழுத்துப் பொத்தான் வரை போட்டாயிற்று, காலரையும் தூக்கிவிட்டாயிற்று, மின்விசிறியை நிறுத்திவிட்டேன், அது சுற்றினால் கூடத்தில் பேசுவது காதில் விழாது, சித்திரை வெயில் மொட்டைமாடியைக் காய்ச்சி அறைக்குள் இறக்கிக்கொண்டிருக்கிறது, நான் பீரோக் கண்ணாடிக்கு முன்னால், சேலைக்கு மேலே, தொடைவரை தொங்கும் கருநீலக் கம்பளிக் கோட்டுக்குள் நிற்கிறேன், முதுகில் வேர்வை ஓடுகிறது, கைகள் இரண்டும் சாய்வான பைகளுக்குள் இருக்கின்றன, கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். அந்தப் பக்கம் ஐஸ்பெட்டிக்குள் என் வீட்டுக்காரர் கஸ்பார் படுத்திருக்கிறார், நேற்றுக் காலையில் காப்பி ஆறுகிறது என்று சொல்லப் போனேன், காப்பிக்கு முன்னால் அவர் ஆறியிருந்தார். அவருடைய அக்கா மெற்றில்டா மதினி கதவைத் தட்டுகிறாள், ஏளா, அந்தக் கப்பல் கோட்ட எடுத்துட்டு வாளா, சாமியாரு வந்திருவாரு, உடம்பு வெறச்சிக் கெடக்கு, முதுகுப் பக்கம் வெட்டித்தான் போடணும், கத்திரிக்கோலு எங்கிட்ட இருக்கு.

எங்கள் ஆட்களில் ஆண்பிள்ளைகள் கோட்டு இல்லாமல் கல்யாணமும் முடிப்பதில்லை, கல்லறைக்கும் போவதில்லை, தாலி கட்டும்போது போட்டதை மடித்துப் பெட்டியில் வைத்துச் சாவுவரைக்கும் பத்திரமாகக் காப்பாற்றுவார்கள், கஸ்பாருக்கு அப்படி ஒரு கோட்டு கிடையாது, எங்கள் கல்யாணத்துக்கு அவர் போட்டு நின்றது அவருடைய அண்ணனுடையது, தோள்பட்டை தொங்க மாதா கோயில் பீடத்தின் முன்னால் நிற்கிறார், கை விரல்கள் பாதிதான் வெளியே தெரிகின்றன, அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டுதான் சம்மதம் என்று சொன்னேன், இரவல் என்று பிறகுதான் சொன்னார்கள். அந்த அண்ணன் செத்தபோது அதைப் போட்டுக்கொண்டு போய்விட்டார், அன்றைக்கு நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், இதே மெற்றில்டா மதினி இதே கத்திரிக்கோலால் கோட்டின் முதுகைக் காலரிலிருந்து கீழ்வரை வெட்டி, விறைத்த கைகளில் முன்பக்கமாக மாட்டி, இரண்டு பாதியையும் பிணத்துக்கு அடியில் செருகினாள், மேலே பார்த்தால் மாப்பிள்ளை, கீழே கந்தல், எங்கள் கல்யாணங்கள் பலவும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன், யாரிடம் சொல்ல.

இந்தக் கோட்டு ராட்டர்டாம் துறைமுகத்திலிருந்து வந்தது, கஸ்பாருக்குக் கப்பலில் வேலை, இரண்டாவது லீவில் கஸ்பார் இதைப் போட்டுக்கொண்டே ரயிலிலிருந்து இறங்குகிறார், பெட்டியில் வைக்க இடமில்லையாம், இரண்டு வரிசைப் பொத்தான், ஒவ்வொன்றிலும் ஒரு நங்கூரம், காலர் மட்டும் ஒரு தலையணை கனம் இருக்கும், கிறிஸ்துமஸ் காலைப் பூசைக்கு அதோடு வந்து முதல் வரிசையில் நின்றார், பிரசங்கம் முடிவதற்குள் நெற்றியிலிருந்து சொட்டுகிறது, வெளியே வந்ததும் தெருவே சிரித்தது, என்ன கஸ்பாரு, பனி ரொம்பவோ, பக்கத்தில் நடந்த என்னையும் விடவில்லை, கப்பல்காரன் பெண்டாட்டி தொப்பைக்காரி, கப்பல் உடைஞ்சா பிச்சைக்காரி என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது, எனக்குத் தொப்பையும் விழவில்லை, பிள்ளை என்று வயிறும் திறக்கவில்லை, இரண்டு மாதம் வந்து இருந்துவிட்டு அவர் போய்விடுவார், கப்பலும் உடையவில்லை. அடுத்து அவருடைய கம்பெனி வளைகுடாப் பக்கம் ஓட்ட ஆரம்பித்தது, இது இங்கயே கெடக்கட்டும், அங்க போட்டா வெந்துருவேன் என்று பீரோவில் மாட்டிவிட்டுப் போனார், என்னிடம் சொன்னாரா பீரோவிடம் சொன்னாரா தெரியாது, இரண்டுக்கும் ஒரே குரல்தான்.

அந்த மழைக்காலத்தில் எனக்கு மலேரியா வந்தது, பல் தந்தியடிக்கிறது, போர்வை, ஜமுக்காளம், பழைய சேலை என்று எல்லாவற்றையும் மேலே குவித்தும் கட்டிலே ஆடுகிறது, மெற்றில்டா மதினி வாசலோடு கஞ்சித் தூக்கை வைத்துவிட்டு, ஒட்டிக்கிடும்ளா, உள்ள வரமாட்டேன் என்று போய்விட்டாள், சுவரைப் பிடித்துக்கொண்டே போய் பீரோவைத் திறந்து கோட்டை இழுத்தேன், அது என்னைக் கீழே தள்ளப் பார்த்தது, அவ்வளவு கனம், கையை நுழைத்தேன், பொத்தான் போட விரல் ஒத்துழைக்கவில்லை, இரண்டு பக்கத்தையும் மார்பின்மேல் இழுத்துப் பிடித்துக்கொண்டு படுத்தேன், அது தோளைப் பிடித்தது, கழுத்தை மூடியது, முதுகை விடவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக நடுக்கம் நின்றது. என்னை யாரும் அதுவரைக்கும் அப்படிப் பிடித்ததில்லை, இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, வெட்கப்பட வேண்டியவர் ஐஸ்பெட்டியில் கிடக்கிறார்.

காய்ச்சல் போய்விட்டது, பழக்கம் போகவில்லை, சாயங்காலம் வீட்டு வேலை முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு கோட்டைப் போட்டுக்கொள்வேன், வேர்க்கட்டும், வேர்த்தால் துடைத்துக்கொள்ள எனக்குக் கை இருக்கிறது, காலரைத் தூக்கிவிட்டால் நான் யாருக்கும் பெண்டாட்டி இல்லை, யாருக்கும் மதினி இல்லை, கைகளைப் பைக்குள் விட்டால் உள்ளே வழுவழுவென்று ஒரு துணி, அதில் விரல்கள் சும்மா கிடக்கும், சும்மா கிடக்க எனக்கு வேறு இடம் ஏது. முதலில் அதில் புகையிலையும் எண்ணெயும் கடலுமாக ஒரு வாசம் இருந்தது, சில வருஷங்களில் அது ஓடிப்போய்விட்டது, என் தேங்காய் எண்ணெயும் பவுடரும் வேர்வையும் ஏறிக்கொண்டன, என் கல்யாணப் பட்டு மடிப்பில் கிழிந்தது, பீரோ துருப்பிடித்தது, எனக்குக் கடைவாய்ப் பல் விழுந்தது, கோட்டு வந்த அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது, ஒரு நூல் தளரவில்லை, ஆண்டவன் மனுஷனையும் இந்தக் கம்பளியில் செய்திருக்கலாம்.

ஒரே ஒரு தடவை ஊரறிய அதைப் போட்டேன், கோயிலிலிருந்து கொடைக்கானலுக்குப் பஸ் போட்டார்கள், நானும் போனேன், ஏரிக்கரையில் பனி இறங்கியது, எல்லாரும் துண்டையும் சாக்கையும் போர்த்திக்கொண்டு கிடுகிடுக்கிறார்கள், நான் பொத்தானைப் போட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு மகாராணி மாதிரி நடக்கிறேன், பஜ்ஜிக்கடைக்காரர் ஏறிட்டுப் பார்த்து, கோட்டு உங்களுக்குன்னே தச்ச மாதிரி இருக்குங்கம்மா என்றார், யாரோ பெயர் தெரியாத மனிதர், என் வாழ்க்கையில் என்னைப் பார்த்து ஒரு ஆண்பிள்ளை சொன்ன நல்ல வார்த்தை அதுதான், மெற்றில்டா மதினி மூக்கைச் சிந்திக்கொண்டே, எந்தம்பி கோட்டு, அதான் குளுராது என்றாள், அந்தச் சந்தோஷத்தில் அரை மணி நேரம்கூட என்னை இருக்கவிடவில்லை.

கோட்டை வருஷா வருஷம் வெயிலில் போட்டு, வேப்பிலை வைத்து எடுத்து வைப்பேன், அப்படி ஒரு தடவை போடும்போதுதான் பார்த்தேன், நெஞ்சுப் பக்கம் ஒரு பொத்தான் மட்டும் வேறு கை தைத்தது, மற்றதெல்லாம் கறுப்பு நூல், இது நீலம், அடியில் நூலைச் சுற்றிச் சுற்றிக் கழுத்து மாதிரி கட்டி, உள்பக்கம் ஒரு பிசிறு இல்லாமல், அப்படி ஒரு நேர்த்தி, பொம்பளைக் கை என்று முடிவு கட்டினேன். ஏதோ ஒரு துறைமுகத்தில் ஒருத்தி இருக்கிறாள், மெலிந்த விரல், மூக்குக்கண்ணாடி, ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து நூலைப் பல்லால் கடிக்கிறாள், அவளுக்கு எல்ஸா என்று பெயரும் வைத்தேன், கோட்டைப் போடும்போதெல்லாம் அவளோடு சண்டை, கூட்டு நன்றாக வந்தால் அவளிடம் பீற்றுவேன், லீவில் வந்த மனுஷன் வாயைத் திறக்காமல் சாப்பிட்டு எழுந்தால், அங்கே மட்டும் பேசுகிறாராக்கும் என்று அவளிடம் கேட்பேன், வயிறு எரியும், ஆனால் எரிகிற வயிறு பசிக்காது, வருஷங்கள் அப்படி ஓடின.

கடைசியில் அவர் ஒரேயடியாக வந்து சேர்ந்தார், தினமும் வீட்டில் ஒரு ஆள், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார், காற்று மேற்கிலிருந்து கச்சானா, கிழக்கிலிருந்து கொண்டலா என்று சொல்வார், அதற்குமேல் பேச்சு இல்லை, ஒருநாள் மத்தியானம் ஊசியும் நூலும் எடுத்துத் தன் சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தார், பார்த்துக்கொண்டே நின்றேன், அடியில் நூலைச் சுற்றிச் சுற்றிக் கழுத்து கட்டுகிறார், உள்பக்கம் ஒரு பிசிறு இல்லை. நீங்களா இப்படித் தைப்பீங்க என்றேன், பின்ன, கப்பல்ல பொண்டாட்டியா ஒக்காந்திருக்கா, அந்தக் கோட்டுக்குக்கூட நாந்தான் ஒரு பொத்தான் வச்சேன் என்றார், நூலைப் பல்லால் கடித்தார். அன்றைக்கு எல்ஸா செத்தாள், நேற்றைச் சாவைவிட அந்தச் சாவுதான் எனக்குப் பெரிது, ஒருத்தி இருந்திருந்தால், அவர் பேச்சும் சிரிப்பும் அங்கே செலவாகிவிட்டது என்றாவது மனதைத் தேற்றியிருக்கலாம், அந்த மனுஷனுக்கு உலகத்தில் என்னைத் தவிர யாருமில்லை, என்னையும் அவர் வைத்துக்கொள்ளவில்லை.

அப்புறமும் எனக்குப் புத்தி வரவில்லை, கோட்டை எடுத்து வந்து, ஒருதரம் போட்டுக் காட்டுங்களேன் என்று கேட்டேன், என்ன நினைத்துக் கேட்டேனோ, அந்தக் கிறிஸ்துமஸ் பூசைக்கு வந்த ஆள் உள்ளே எங்காவது இருப்பார் என்றா, கையை நுழைத்தார், கண்ணாடியைப் பார்த்தார், வற்றிப்போன உடம்பில் அது தொங்கியது, இரவல் கோட்டோடு நின்ற அதே மாப்பிள்ளை, தலை மட்டும் நரைத்திருக்கிறது, இது யாரு கோட்டுளா, ஏங்கோட்டு மாதிரியே இல்லயே, சும்மா கெடந்து எடத்த அடைக்கு, யாருக்காவது குடுத்துரு என்றார், கழற்றிக் கட்டில்மேல் போட்டுவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டார். நான் கொடுத்துவிட்டேன், அன்றைக்கே, எனக்கு.

மதினி, நேரமாவுது, கோயில்ல மணியடிக்கக் காத்திட்டு நிக்க கோயில்பிள்ளை ஆள் அனுப்பிட்டாரு, இது கொழுந்தன் ரெமிஜியுசின் குரல், வெறுஞ் சட்டையோட அண்ணன அனுப்பினா ஊர் சிரிக்கும், அவுக கோட்டு இருக்கும்போது ஏன் அப்படிப் போவணும். அவுக கோட்டு. இருந்தும் கெடுத்தான் செத்தும் கெடுத்தான் என்பார்கள், நாற்பது வருஷம் எதையும் என்னிடம் கேட்காத மனுஷன் செத்தபிறகு ஊரைக் கூட்டிக்கொண்டு வந்து இதைக் கேட்கிறார், கேட்டதை வெட்டிக் கந்தலாக்கி மண்ணுக்குள் கொண்டுபோவார், நான் இந்த வீட்டில் இருந்ததற்கு வேறு என்ன சாட்சி இருக்கிறது. சொல்லிவிடுவோம் என்று முடிவு செய்தேன், கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பார்க்கிறேன், இது என் கோட்டு, அவர் இது வேண்டாம் என்றார், அவர் வேண்டாம் என்றபோதும் இது என்னைப் பிடித்துக்கொண்டிருந்தது, தர மாட்டேன், போய் வேறு பாருங்கள். வாய்க்கு வந்துவிட்டது, தாழ்ப்பாளை நீக்கினேன்.

கூடம் முழுக்கச் சனம், மெற்றில்டா மதினி கத்திரிக்கோலோடு எதிரில் நிற்கிறாள், என்னைப் பார்த்தாள், காலரைப் பார்த்தாள், முகத்தில் வழிகிற வேர்வையைப் பார்த்தாள், கத்திரிக்கோல் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது, பாருங்களேன், எந்தம்பிய விட மனசில்லாம அவன் கோட்டக் கட்டிப்பிடிச்சிட்டு நிக்காளே, இந்த வேக்காட்டுல, நான் பாவி, கல்லு மாதிரி கத்திரியத் தூக்கிட்டு வந்துட்டேனே என்று ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள், என்னை என்றா சொன்னேன், கோட்டை, வாசலில் கஞ்சியை வைத்துவிட்டுப் போன அதே கைகள், பெண்கள் எல்லாரும் ஓவென்று அழ ஆரம்பித்தார்கள், ரெமிஜியுஸ் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேண்டாம்க்கா, மதினிகிட்டயே இருக்கட்டும், எங் கல்யாணக் கோட்ட அண்ணனுக்குப் போட்டுருவோம், நான் சாவும்போது பாத்துக்கிடலாம் என்று வீட்டுக்கு ஆள் அனுப்பினார். நான் சொல்ல வந்தது பல்லுக்குப் பின்னால் நிற்கிறது, சொல்லலாம், கத்திரிக்கோலும் காலடியில்தான் கிடக்கிறது. மெற்றில்டா மதினி காலருக்குள் முகத்தைப் புதைத்து மூச்சை இழுத்தாள், எய்யா, எந்தம்பி வாசம் போவலயே, அப்படியே இருக்கே, என்று அலறினாள், அது என் தேங்காய் எண்ணெய், என் காய்ச்சல், என் சாயங்காலங்கள், நான் தனியாக வேர்த்த வேர்வை, வாயைத் திறந்தேன், ஆமா மதினி, அவுக வாசந்தான் என்றேன். கோட்டு பிழைத்துக்கொண்டது, அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியாக வந்து காலரில் மூக்கை வைத்து அழுதார்கள், எல்லாரும் கஸ்பாரை முகர்ந்து முடிக்கும்வரை நான் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு வேர்க்க வேர்க்க நின்றேன்.