சுரங்கத்துக்குள் அவன் பெயர்

அண்ணன் பேசாமல் இருக்கிறான் என்பதை வீட்டில் யாரும் கவனிக்கவே ஒரு வாரம் போல ஆகிவிட்டது. அதை நினைக்கும்போதெல்லாம் சுல்மாவுக்கு முகம் சூடாகும்.

சுரங்கத்தில் கூரை சரிந்த அன்று சாயங்காலம் ஹேசூஸ் எப்போதும் போல நடந்தே வீட்டுக்கு வந்தான். உடம்பில் ஒரு கீறல் கிடையாது. பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தான், கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான், சுவரைப் பார்த்தான். மற்ற நாட்களிலும் ஏறக்குறைய அப்படித்தான். அப்பா நுரையீரல் கெட்டு இறந்ததிலிருந்து அந்த வீட்டில் தேவைக்கு மேல் ஒரு சொல் விழுந்ததில்லை. அம்மா காசில்டா சூப்பை முன்னால் வைத்து, அது ஆறி, மேலே கொழுப்பு கட்டிப்போன பிறகும் அவன் கை நீட்டாததைப் பார்த்துத்தான் முதலில் பயந்தாள். பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கண் சிமிட்டுவதுகூடக் குறைந்திருந்தது. கன்னத்து எலும்பு வெளியே வந்துவிட்டது.

மருத்துவமனையில் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். கடைசியில் கோக்கா இலை போட்டுக் குறி பார்க்கும் எலீசெயோவைக் கூட்டி வந்தார்கள். அவர் கறுப்புத் துணியில் இலைகளை விசிறிவிட்டு, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தலையை ஆட்டினார்.

"இவன் இங்க இல்லம்மா. பயந்த இடத்துலயே அஹாயு உக்காந்துடுச்சு. உடம்பு மட்டும் நடந்து வந்திருக்கு."

அஹாயு, அதாவது உயிர், உடம்பை விட்டுப் போனால் என்ன செய்வதென்று ஒருரோ என்ற அந்தச் சுரங்க ஊரில் எல்லாருக்கும் தெரியும். போட்டிருந்த துணியை எடுத்துக்கொண்டு பயந்த இடத்துக்குப் போக வேண்டும். அங்கே விரித்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வந்ததும் மடித்து, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்து போட்டுவிட வேண்டும். சின்ன வயதில் நாய் துரத்தி சுல்மாவின் உயிர் சந்தையிலேயே நின்றுவிட்டபோது, அம்மா அவள் சின்னப் பாவாடையோடு போய் காய்கறிக் கூடைகளுக்கு நடுவில் நின்று கூப்பிட்டு அழைத்து வந்திருக்கிறாள்.

ஆனால் இவன் பயந்த இடம் மலைக்குள் இருந்தது.

"மண்ணுக்கு மேல எங்க வேணாலும் போவேன்" என்றார் எலீசெயோ. "உள்ள மாமாவோட எல்லை, மண்ணுக்கு அடியில ஆள்றவரு அவரு. அவருக்கும் எனக்கும் ஒத்து வராது."

"அப்ப யாரு போறது?"

"சொந்த ரத்தம் போனா நல்லது."

"பொம்பளைங்க உள்ள கால் வெச்சா தாதுக் கோடு மறைஞ்சிடும்னு சொல்வாங்களே" என்றாள் அம்மா.

"சொல்வாங்க" என்றார் அவர். சுல்மாவின் பக்கம் திரும்பினார். "பேரைச் சொல்லிக் கூப்பிடு. அண்ணேன்னு கூப்பிட்டா ஊருல இருக்கிற அண்ணனெல்லாம் திரும்பிப் பாப்பான். இன்னொண்ணு, விரிச்ச சட்டையை வெறுமனே மடிச்சிடாத. மடிச்சா அந்த வெறுமையே வந்து அதுல குடியேறிடும். அப்புறம் யாரு கூப்பிட்டும் பிரயோஜனம் இல்ல."

ஞாயிற்றுக்கிழமை சுரங்கத்தில் வேலை இல்லை. ஹேசூஸின் கூட்டத்துக்குத் தலைவர் ஃப்ரொய்லான், அப்பாவின் பழைய கூட்டாளி. நல்ல வெயிலில், இரும்புக் கதவைத் திறந்துவிட்டுக்கொண்டே அவர் நாலு பக்கமும் பார்த்தார்.

"யாருகிட்டயும் மூச்சு விடாத. கோடு மறைஞ்சா என்னைத்தான் மறைச்சிடுவானுங்க."

"சரி சித்தப்பா."

"விசில் அடிக்காத. சிலுவை போடாத. மேல இருக்கிறவங்க பேரு எதையும் வாயில எடுக்காத. மாதா, சாமி, புனிதர், யாரும் வேணாம். தண்டவாளத்தோடவே போ, மாமா வந்துடுவாரு. அவரைத் தாண்டினா சரிஞ்ச இடம்." விளக்கு பொருத்திய தொப்பியை அவள் தலையில் வைத்து அழுத்தினார். ஒரு பை கோக்கா இலையையும் சிகரெட்டையும் கையில் திணித்தார். "உங்க அப்பன் இருந்தா என்னைக் கொன்னே போட்டிருப்பான்."

உள்ளே நடக்க நடக்கப் பயம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு விசித்திரமான ஆசை வந்தது. அண்ணன் தினமும் இந்தப் பள்ளத்தில் கால் வைத்திருப்பான், இந்த இடத்தில் குனிந்திருப்பான், இந்தச் சொட்டுத் தண்ணீர் அவன் கழுத்தில் விழுந்திருக்கும். பக்கத்து அறையில் தூங்குகிறவனுக்கு இவ்வளவு பெரிய ஒரு ஊர் இருந்திருக்கிறது. அவள் ஒரு நாள்கூட, அங்கே எப்படி இருக்கும் என்று கேட்டதில்லை.

மாமா ஒரு மாடத்தில் உட்கார்ந்திருந்தார். களிமண் உடம்பு, வளைந்த கொம்புகள், கண்ணுக்குக் கோலிக்குண்டு. ஒரு குண்டு மற்றதைவிடப் பெரியது. கழுத்தில் வண்ணக் காகித நாடாக்கள், மடியில் காய்ந்த இலைகள். சுல்மா புது இலைகளை மடியில் தூவி, சிகரெட்டைப் பற்ற வைத்து அவர் வாயில் செருகினாள். அதன் முனை யாரோ இழுப்பதுபோல் கனிந்தது. மாடத்தைத் தாண்டி, சரிந்து கிடந்த கல் குவியலின் முன் அண்ணனின் கம்பளிச் சட்டையை விரித்தாள், மூச்சை இழுத்தாள்.

"ஹே..."

காற்று நின்றது. தலைக்கு மேல் எங்கோ பாறை முனகியது. சிறு கற்கள் அவள் தொப்பியில் பொலபொலவென்று கொட்டின.

"வாயை மூடு, மருமகளே."

களிமண் வாய் அசையவில்லை. புகைதான் பேசியது.

"அந்தப் பேரை இங்க எடுக்கக் கூடாதுன்னு வாசல்ல யாரும் சொல்லலியா?"

"சொன்னாங்க." அவள் தொப்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா அது... எங்கண்ணன் பேரு."

பிறந்ததிலிருந்து அண்ணே, அண்ணே என்றே கூப்பிட்டுப் பழகியதில், அவன் பெயரும் சிலுவையில் தொங்குகிறவரின் பெயரும் ஒன்று என்பது அவள் நினைவில் உறைக்கவே இல்லை. அம்மாவுக்கும் உறைக்கவில்லை. எலீசெயோவுக்கும் இல்லை.

"எனக்கு அந்த ஆளோட பகை ஒண்ணும் கிடையாது" என்றார் மாமா. "ஒரே வீட்டுல இருக்க முடியல, அவ்ளோதான். அவரு பேரு பட்டா மலை உதறிக்குது. நான் என்ன பண்ண?"

அவள் மாடத்தின் பக்கம் திரும்பி அவரை நேராகப் பார்த்தாள். "நீங்கதான் அவனைப் பிடிச்சு வெச்சிருக்கீங்களா?"

"நானா? என் கையைப் பாரு. ஈரத்துல ஒரு விரல் உதிர்ந்து போச்சு. இதை வெச்சு யாரைப் பிடிக்கிறது? அவன் தானா உக்காந்திருக்கான். உன் பின்னாடி, அந்தக் கல்லு மேல. திரும்பாத, கண்ணுக்குத் தெரிய மாட்டான்."

"ஏன் வர மாட்டேங்கறான்?"

"கூப்பிட்டாத்தான வருவான்."

"கூப்பிடத்தான் விட மாட்டேங்கறீங்களே!"

"அந்தப் பேரை வெச்சுக்கிட்டு இங்க எவனால அவனைக் கூப்பிட முடியும்? சேர்ந்த அன்னிக்கே பசங்க வேற பேரு வெச்சுட்டானுங்க. அது தங்கச்சிக்குத் தெரியாதா?"

தெரியாது. விரித்த சட்டை கல்லின் முன் கிடந்தது. வெளியே ஓடிப்போய் ஃப்ரொய்லானிடம் கேட்கவும் முடியாது. அதற்கு முதலில் சட்டையை மடிக்க வேண்டும்.

"ஊமையா? சாமியாரா?" என்று இழுத்தாள்.

புகை குலுங்கியது. மாமா சிரிக்கிறார் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"உங்க வீட்டுல இருக்கிறவன் யாரு, மருமகளே? எனக்கே அவனைப் பாக்கணும் போல இருக்கு. சரி, ஒண்ணு செய்யலாம். நீ வீட்டு ஆளைச் சொல்லு. நான் உள்ள இருக்கிற ஆளைச் சொல்றேன்."

அவள் சொல்லத் தொடங்கினாள். இருட்டோடு எழுந்துபோவான். அவளுக்குப் பிடிக்காது என்று ரொட்டியின் கருகிய ஓரத்தைத் தான் எடுத்துக்கொள்வான். கூரை ஒழுகினால் அடைப்பான். அம்மாவை மாதா கோயிலுக்குக் கூட்டிப்போவான்... அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு? பிறகு தூங்குவான்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

சொன்ன பிறகு அது எவ்வளவு கொஞ்சம் என்று அவளுக்கே கேட்டது.

"இங்க இருக்கிறவன் வாய் ஓயமாட்டான்" என்றார் மாமா. "ஃப்ரொய்லான் இருமினா பின்னாலேயே அதே இருமல் வரும். இன்ஜினீயர் வழுக்கி விழுந்தா, விழுந்த சத்தம் முதக்கொண்டு செஞ்சு காட்டுவான். மேல ஊரே என் மூஞ்சியை மாட்டிக்கிட்டு ஆடுதாமே, அதையும் அவன்தான் சொன்னான். நெசமா?"

"நெசந்தான். கார்னிவலுக்கு."

"கொம்பு எவ்ளோ பெருசு?"

அவள் கையை விரித்துக் காட்டினாள்.

"அவ்வளவா!" அந்தக் குரலில் கூச்சமும் பெருமையும் சேர்ந்து வந்தன. சிகரெட் சாம்பல் மடியில் உதிர்ந்தது. "கூரை சரிஞ்ச அன்னிக்கு விளக்கெல்லாம் அணைஞ்சு போச்சு. இவன்தான் பேசிக்கிட்டே நின்னான். ரேடியோவுல பந்தாட்டம் சொல்றவன் குரல்ல. இதோ ஃப்ரொய்லான் ஓடுறார், தொப்பை முன்னாடி ஓடுதுன்னு. ஒவ்வொருத்தனும் அந்தச் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டு வெளிய போனானுங்க. கடைசியில இவன் காலும் வெளிய நடந்துடுச்சு. பேச்சு மட்டும் இங்கயே நின்னுடுச்சு, இன்னும் எவனாவது வரணுமோன்னு." மாமா நிறுத்தினார். "கிளி. அதான் பேரு."

சுல்மா சட்டையின் இரு தோள்களையும் பிடித்து உதறினாள்.

"கிளி!"

வாயில் அந்தச் சொல் அந்நியமாக இருந்தது. யாரோ தெரியாதவனைத் தெருவில் கூப்பிடுவதுபோல. மறுபடி கூப்பிட்டாள். "கிளி, வா!"

"மெதுவாக் கத்து. மேல கூரை இருக்கு" என்றது ஃப்ரொய்லானின் குரல், காதுக்கு அருகில். அவள் கழுத்து திரும்பப் போனது, பிடித்து நிறுத்தினாள். பிறகு வேறு குரல் வந்தது. இளமையாக, விளையாட்டாக, அவள் கேட்டே இராத குரல். "யாரது பொம்பளைக் குரல்ல?"

"நாந்தான். சுல்மா."

"உன்னை எவன் உள்ள விட்டான்? தொப்பி உனக்கு சூப்புச் சட்டி கவுத்த மாதிரி இருக்கு."

"வா, வீட்டுக்குப் போகலாம்."

"அங்கதான் ஒருத்தன் இருக்கானே."

"அவன் சாப்பிட மாட்டேங்கறான். செத்துடுவான்."

கெஞ்சலாமா என்று நினைத்தாள். ஆனால் அவளுக்குள் வேறு ஒன்று முட்டிக்கொண்டு நின்றது, அதைத்தான் கேட்டாள்.

"என்னைச் செஞ்சு காட்டுவியா?"

"அழக் கூடாது."

"அழ மாட்டேன்."

"'அண்ணே, பூட்ஸைச் சத்தம் இல்லாமக் கழட்டக் கூடாதா? ஒரு மனுஷி படிக்கிறது கண்ணுக்குத் தெரியலியா?'"

அவளுடைய குரல். கடைசிச் சொல்லில் மூக்கு வழியாக ஏறும் அந்த மிதப்புகூட. மாமாவின் புகை மாடம் முழுக்க ஆடியது. சுல்மாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே நெஞ்சில் முள் குத்தியது.

"அம்மாவைச் செய்."

"மாட்டேன்."

"ஏன்?"

"வீட்டுல யாராவது சிரிச்சா அப்பாவை மறந்துட்ட மாதிரி இருக்கும். அதான் அங்க நான் வாயைத் திறக்கறதில்ல."

படிப்புக்காகத்தான் வீடு அமைதியாக இருக்க வேண்டும் என்று இவ்வளவு நாளும் நம்பியிருந்தாள். இப்போது யோசித்தால், புத்தகம் மூடியிருந்த நேரத்திலும் சத்தம் அவளுக்குப் பிடித்ததில்லை.

"எனக்கும் அப்படித்தான்" என்றாள். "இப்பதான் தெரியுது. அம்மாவுக்கும் அப்படித்தானோ என்னவோ. கேட்டாத்தான தெரியும்? வந்து ஒரே ஒரு தடவை செஞ்சு பாரு. சிரிக்கலைன்னா திரும்பி வந்துடு."

"அப்படி வர முடியுமா மாமா?" என்றது குரல்.

"முடியாது" என்றார் மாமா. "ஆனா இவ பேரம் பேசுறது நல்லா இருக்கு."

அவள் சட்டையின் தோள்களை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சட்டையின் கைகள் மெல்லக் கனத்தன, தூங்கும் குழந்தையைத் தூக்கும்போது கனப்பதுபோல. கம்பளி சூடாயிற்று. சுல்மா அதை மார்போடு சேர்த்து மடித்தாள்.

"வெள்ளிக்கிழமை அவனை இந்தப் பக்கம் அனுப்பு" என்றார் மாமா. "மத்தவனுங்க எல்லாம் தாது கேக்கத்தான் வர்றானுங்க."

"அது அவன் இஷ்டம் மாமா" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

வழியெல்லாம் சட்டை ஒரு வார்த்தை பேசவில்லை. வெயிலில் ஃப்ரொய்லான் ஏதோ கேட்டார். அவள் தலையை மட்டும் அசைத்தாள். வீட்டில் அண்ணனின் ஒரு கையைத் தூக்கி நுழைத்தாள், பிறகு மற்றதை. பொத்தான்களைப் போட்டாள். அவன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். சட்டையின் சூடு அவள் விரலில் இருந்து போய்விட்டது. எங்கே போனது என்று தெரியவில்லை.

அம்மா பனியில் உறையவைத்துக் காயவைத்த கிழங்கு போட்ட சூப்பைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"சாப்பிடுப்பா."

"சாப்பிடுப்பா" என்றான் ஹேசூஸ்.

அம்மாவின் குரல். அதே சோர்வு, கடைசியில் அதே இழுப்பு. அம்மா திகைத்துப்போய் முதலில் கதவைப் பார்த்தாள், பிறகு சுல்மாவை. சுல்மா மூச்சு விடவில்லை. இப்போது அம்மா அழுதாலும் போயிற்று, அதட்டினாலும் போயிற்று.

"என்னடா சொன்ன?" என்றாள் அம்மா.

அவன் அவளைப் பார்த்தான். பயந்த கண்தான், ஆனால் பார்க்கிற கண். "'சூப்பு ஆறுதுப்பா, சூப்பு ஆறினா கல்லு, கல்லைத் தின்னா வயித்து வலி, எல்லாம் உங்கப்பன் புத்தி, சொன்னாக் கேக்கிற ஜாதியா இது...'"

அப்பாவைப் பற்றிய பேச்சு அந்த அறையில் விழுந்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. அம்மா கிண்ணத்தை மேசையில் வைத்தாள். தோளில் கிடந்த துணியை எடுத்தாள், அவன் முதுகில் ஓங்கி ஒரு போடு போட்டாள்.

"நான் அப்படியாடா இழுத்து இழுத்துப் பேசுறேன்?"

"ஆமா" என்றாள் சுல்மா.

அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் அது இருமல் மாதிரித்தான் இருந்தது. அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு, "உங்கப்பனும் இப்படித்தான் என்னைச் செஞ்சு காட்டுவான், சண்டாளன்" என்று சொல்லிச் சிரித்தாள். ஹேசூஸ் கரண்டியை எடுத்தான்.