சிவப்பு விளக்கை மறைத்த சனிக்கிழமை

கீலி ஆர்மரோட் என்கிற பெண் பள்ளியில் மீடியாவை ஒரு பாடமாக எடுத்துப் படிக்கிறாள் என்பது ஃப்ளீட்வுட் ஊரில் யாருக்குத்தான் தெரியாது? அவள் அப்பா கிளைவ்தான் ஊரெல்லாம் தண்டோரா போட்டுவிட்டாரே. பெருமைக்காகப் போடவில்லை, அதுதான் கொடுமை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். பக்கத்து இருக்கையில் எந்தப் பிள்ளை வந்து உட்கார்ந்தாலும், முதல் வளைவு திரும்புவதற்குள் அந்தக் கேலி வந்துவிடும்.

"எம்பொண்ணு டி.வி. பாக்கறதைப் பாடமாப் படிக்கிறா. அதுக்கெல்லாம் பரீட்சை வெச்சா எங்க வீட்டு ரஸ்டி முதல் மார்க் வாங்கிடும்."

ரஸ்டி வீட்டு நாய். பொழுது விடிந்தால் டி.வி. முன்னால் போய்ப் படுத்துக்கொள்ளும். சமையல் நிகழ்ச்சி என்றால் வாலை ஆட்டும். ஆக, கேலியில் கொஞ்சம் உண்மையும் இருந்து தொலைத்தது. கீலிக்கு அதில்தான் இன்னும் எரிச்சல்.

அடுத்த ஆண்டு மேல்வகுப்பில் எந்தப் பாடங்கள் என்று பள்ளியில் சொல்லியாக வேண்டும். கீலிக்கு மீடியா வேண்டும். வேறு எதையும் அவள் யோசித்துப் பார்த்ததே இல்லை. கிளைவ் கணக்கு எடு என்றார். வாரக்கணக்கில் இழுபறி நடந்தது. கடைசியில் அம்மா லொரைன் நடுவில் புகுந்து ஒரு முடிவு சொன்னாள். இந்தப் பருவத்தில் கீலி செய்துகொடுக்க வேண்டிய படவேலையை அப்பா பார்க்கட்டும். பார்த்துவிட்டு அவருக்கே சரியென்று பட்டால் மீடியா. இல்லையென்றால் கணக்கு. இரண்டு பேரும் முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள்.

படவேலை என்னவென்றால், ஒரு துப்பறியும் தொடரின் முதல் சில நிமிடங்களை எடுத்துத் தர வேண்டும். எடுப்பதும் வெட்டி ஒட்டுவதும் மாணவர் கைப்பட இருக்க வேண்டும். இன்னொருத்தர் எடுத்ததில் ஒரு துண்டுகூட சேர்க்கக் கூடாது. நடிக்க மட்டும் யாரை வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம். கீலி பிடித்து வைத்திருந்த பையன் ஜூட், வியாழக்கிழமை கால்பந்து விளையாடி மணிக்கட்டை முறித்துக்கொண்டான். பள்ளியில் இருப்பதோ ஒரே ஒரு நல்ல கேமரா. அது சனி, ஞாயிறு மட்டும்தான் அவள் கையில் இருக்கும். திங்களன்று அடுத்த ஆளுக்குப் போய்விடும். வெள்ளிக்கிழமை வேலையைக் கொடுத்தாக வேண்டும்.

வீட்டில் துப்பறிவாளர் வயதில், சொந்தக் காரோடு, சாம்பல் கோட்டோடு ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். வேறு வழியில்லாமல் கீலி அவரிடமே போய் நின்றாள்.

"என்னையா?" என்றார் கிளைவ். "என்னை வெச்சுப் படம் எடுத்து, நானே பாத்து, நானே பாஸ் போடணுமா? நல்லா இருக்கு தாயே உங்க பாடம்."

ஆனாலும் சனிக்கிழமை காலை சவரம் செய்துகொண்டு வந்து நின்றார். காரின் கூரையிலிருந்த பயிற்சிப் பள்ளிப் பலகையை அவரே கழற்றி உள்ளே வைத்தார். கடலோரச் சாலையில் கலங்கரை விளக்கம் தெரிகிற மாதிரி காரை நிறுத்தினார்கள். பிப்ரவரிக் காற்று ஆளையே தள்ளியது. கீலி அவர் கோட்டுக் கழுத்துக்குள் சின்ன மைக்கைச் செருகிவிட்டாள்.

கிளைவுக்கு நடிப்பு சுட்டுப் போட்டாலும் வராது என்பது முதல் ஒத்திகையிலேயே தெரிந்துபோயிற்று. வீட்டில் சாதாரணமாகப் பேசுகிற மனுஷன், வசனம் என்றதும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தேவாலயத்தில் பைபிள் வாசிப்பவராக மாறிவிட்டார். "இந்த ஊர்... எதையோ... மறைக்கிறது" என்று ஒவ்வொரு சொல்லாக இறக்கி வைத்தார். அதைவிட மோசம், கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்ததும் கண் நேராக அங்கே போய் ஒட்டிக்கொண்டது.

"அப்பா, கேமராவைப் பாக்காதீங்கன்னு சொன்னேனில்ல?"

"நான் எங்க கேமராவைப் பாத்தேன்? விளக்கைத்தான் பாத்தேன். சிவப்பு விளக்கு எரிஞ்சா பாக்காம இருக்க முடியுமா? அதைப் பாருன்னு சொல்லிக் குடுத்துதானே நான் சோறு திங்கிறேன்?"

ஒத்திகையில் பதிவானதைக் கீலி அழித்தாள். பிறகு பையிலிருந்த கறுப்பு நாடாவைக் கிழித்து அந்த விளக்கின் மேல் ஒட்டிவிட்டாள். ஒட்டிய கையோடு தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டாள். கேமராத் திரையில் தெரியும் எழுத்துகளையும் குறிகளையும் முன்பே அணைத்து வைத்திருந்தாள். படச்சட்டத்துக்குள் கண்ணை உறுத்துவது எதுவும் இருக்கக் கூடாது என்று மீடியா டீச்சர் மிஸ் ஹார்கிரீவ்ஸ் வகுப்பில் சொல்லியிருந்தார். இனி அப்பாவின் கண்ணில் படவும் விளக்கில்லை, அவள் கண்ணில் படவும் குறியில்லை. சுகமாக இருந்தது.

ஒரே பொத்தான்தான். ஒருமுறை அமுக்கினால் பதிவு ஆரம்பம், இன்னொருமுறை அமுக்கினால் நிறுத்தம். கம்பளிக் கையுறை போட்ட விரலால் அமுக்கிக்கொண்டே "ஆக்‌ஷன்" என்றாள்.

மத்தியானம் வரை எடுத்தார்கள். காருக்குள் உட்கார்ந்து, கார் மேல் சாய்ந்து, கடற்சுவரோரம் நடந்து. கிளைவ் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாகவே சொதப்பினார். "கட்" என்றதும் உயிர் வந்தவராகத் தோளைக் குலுக்கிக்கொண்டு கடற்காக்கைகளைத் திட்டினார். நடுவில் கீலி கேமராவை ஸ்டாண்டில் அப்படியே விட்டுவிட்டுத் தேநீர் வாங்கப் போனாள். திரும்பி வரும்போது, அப்பாவுக்குப் போட்டியாக ஊரில் இன்னொரு கார்ப் பயிற்சிப் பள்ளி நடத்துகிற ஸ்டூவர்ட் ப்ளம்ப்டன் தன் நாயை இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தார். அப்பாவின் முகம் சிவந்திருந்தது.

"அவர் என்னப்பா சொன்னார்?"

"காத்து பலமா இருக்காம்" என்றார் கிளைவ். "டீயைக் குடு."

திங்களன்று கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பள்ளியில் படம் வெட்டும் கணினி முன்னால் உட்கார்ந்தாள். முதல் துண்டு கண் சிமிட்டும் நேரம்தான் இருந்தது. சரி, கை தவறியிருக்கும் என்று அடுத்ததைத் திறந்தாள். "கட். ஏன்ப்பா இப்படி?" என்று அவள் குரலோடு ஆரம்பித்தது. அப்பா மூக்கைச் சிந்துவது தெரிந்தது. அவரை முகத்தைச் சரிசெய்துகொள்ளச் சொல்லும் அவள் குரல் கேட்டது. "ரெடி, ஆக்‌ஷன்" என்று அவள் சொன்னதும் படம் நின்றுவிட்டது. மூன்றாவது துண்டும் "கட்" என்றுதான் ஆரம்பித்தது. நாலாவதும் அப்படியே.

கீலிக்கு இப்போதுதான் விளங்கியது. கையுறை விரல் முதல் தடவை இரண்டு முறை அமுக்கிவிட்டிருக்கிறது. அதிலிருந்து எல்லாமே தலைகீழ். அப்பா நடித்தபோதெல்லாம் கேமரா தூங்கியிருக்கிறது, நடிக்காதபோதெல்லாம் விழித்திருக்கிறது. சிவப்பு விளக்கு மட்டும் கண்ணில் பட்டிருந்தால் முதல் நிமிடத்திலேயே தெரிந்திருக்கும். அதைத்தான் தன் கையாலேயே நாடா போட்டு மூடினாளே.

மறுபடி எடுக்கலாம் என்றால் கேமரா இல்லை. அப்பாவுக்கும் வாரம் முழுக்க ஓட்டுநர் தேர்வுகள். கணக்குப் பாடம் கதவைத் தட்டுவது அவளுக்குக் காதில் கேட்டது. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அழாமல் என்ன செய்வாள், பாவம்.

மிஸ் ஹார்கிரீவ்ஸ் வந்து பார்த்தார். ஒரு துண்டைப் போட்டுப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது.

"சிரிக்காதீங்க மிஸ்."

"சிரிக்கலைம்மா. விதி என்ன சொல்லுது? நீ எடுத்ததா இருக்கணும். இது யார் எடுத்தது?"

"நான்தான். ஆனா தெரியாம எடுத்தேன்."

"தெரிஞ்சுதான் எடுக்கணும்னு விதியில எங்கேயும் இல்லை" என்று சொல்லிவிட்டு, அடுத்த மேசையில் இரண்டு பையன்கள் மைக் ஒயருக்காக அடித்துக்கொள்வதைத் தீர்த்து வைக்கப் போய்விட்டார்.

கீலி மூக்கைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தாள். இந்தத் தடவை சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தாள். காருக்குள் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். மேல் கண்ணாடியைப் பார்த்தான். பக்கக் கண்ணாடியைப் பார்த்தான். தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தான். மறுபடியும் மேல் கண்ணாடி. இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி அவருக்கே ஊறிப்போன பழக்கம் அது. சும்மா உட்கார்ந்தாலும் கண் சும்மா இருக்காது. ஆனால் தெரியாதவர்கள் பார்த்தால், யாரோ பின்தொடர்கிறார்கள் என்று ஜாக்கிரதையாக இருக்கிற போலீஸ்காரன் என்றுதான் சத்தியம் செய்வார்கள். கடற்சுவரோரம் கையைத் தேய்த்துக்கொண்டு, கடற்காக்கைகளை முறைத்துக்கொண்டு, குளிரில் எதற்காகவோ காத்திருக்கிற மனுஷன். அடடா, இந்த ஆள் இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்தார் என்று கீலிக்குத் தோன்றியது.

அப்புறம் அவள் தேநீர் வாங்கப் போனபோது பதிவான துண்டு வந்தது. ஸ்டூவர்ட் நாயோடு வந்து நின்றார். கோபமாக ஏதோ பேச்சு. கீலி சத்தத்தைத் திறந்தாள்.

"என்ன கிளைவ், வேஷமெல்லாம் பலமா இருக்கு?" என்றார் ஸ்டூவர்ட்.

"எம்பொண்ணு படம் எடுக்கறா. பள்ளிக்கூட வேலை."

"ஓ, அந்த மீடியாவா? டி.வி. பாக்கறதுக்குப் பரீட்சை. உங்க வீட்டு நாயே முதல் மார்க் வாங்கும்ல?"

 கார் மேல் சாய்ந்திருந்த கிளைவ் விரலை நீட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

"யோவ். அந்தக் கேலி என்னோடது. எம்பொண்ணை நான் சொல்லுவேன். நீ சொல்லக் கூடாது. காலையிலேருந்து இந்தக் காத்துல நிக்கிறா. வெளிச்சம் இந்தப் பக்கமா வருதா, அந்தப் பக்கமான்னு பாத்துப் பாத்து ஒரு இடத்துக்கு எத்தனை தடவை அந்த ஸ்டாண்டை நகத்தறா தெரியுமா? நீ உன் பையனுக்குக் காரை ரிவர்ஸ் எடுக்கக்கூட ஒழுங்கா சொல்லிக் குடுக்கலை. போ, உன் நாயைக் கூட்டிக்கிட்டு நட."

கீலி அந்தத் துண்டை மறுபடி போட்டாள். மறுபடியும் போட்டாள். இப்போதும் அழுகைதான் வந்தது. ஆனால் இது வேறு அழுகை, வாயெல்லாம் சிரிப்பு. பக்கத்து மேசைப் பையன்கள் ஒயரை விட்டுவிட்டு அவளையே பார்த்தார்கள்.

வாரம் முழுக்க வெட்டினாள், ஒட்டினாள், கலைத்தாள், மறுபடி ஒட்டினாள். வியாழக்கிழமை மாலை டி.வி.யில் மடிக்கணினியை இணைத்தாள். கிளைவ் சட்டையை மாற்றிக்கொண்டு நடு சோபாவில் உட்கார்ந்தார். லொரைன் சிப்ஸ் கிண்ணத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். ரஸ்டி வழக்கமான இடத்தில் படுத்துக்கொண்டது.

"என் வசனம் வரும்போது சத்தத்தை ஏத்து" என்றார் கிளைவ்.

படம் ஓடியது. சாம்பல் கடல், நின்றிருக்கும் கார், கண்ணாடியில் இரண்டு கண்கள். மேல் கண்ணாடி, பக்கக் கண்ணாடி, தோளுக்குப் பின்னால். லொரைனின் கை சிப்ஸ் கிண்ணத்திலேயே நின்றுவிட்டது. துப்பறிவாளர் சுவரோரம் நடந்தார், காத்திருந்தார். கடைசியில் முதுகு மட்டும் தெரிகிற ஒருவன் வந்து நிற்க, அவர் காரிலிருந்து மெல்ல நிமிர்ந்து விரலை நீட்டினார். பேச்சே இல்லை, காற்றும் அலையும்தான். அந்த முகத்தில் இருந்த கோபத்தைப் பார்த்தால் எவனும் குற்றத்தை ஒத்துக்கொண்டுவிடுவான். திரை கறுத்துத் தொடரின் பெயர் வந்தது.

"நான் நடிச்சது எங்கே?" என்றார் கிளைவ்.

"நீங்க நடிச்சது ஒண்ணுகூட பதிவாகலைப்பா. நடிக்காததுதான் பதிவாச்சு." கையுறைக் கதையை அவள் சொன்னாள். லொரைன் விழுந்து விழுந்து சிரித்தாள்.

கிளைவ் சிரிக்கவில்லை. "கடைசியா வந்தது ஸ்டூவர்ட்."

"ஆமாம்."

"மைக் மாட்டியிருந்தேனே."

"ஆமாம்ப்பா."

"அப்ப சத்தமும்..."

"எல்லாம் இருக்கு. படத்துல போடலை. எனக்கு மட்டும் வெச்சிருக்கேன்."

கிளைவின் காது மடல் இரண்டும் சிவந்துபோயிற்று. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நாயைப் பார்த்தார். ரஸ்டி கறுத்துப்போன திரையையே பார்த்துக்கொண்டிருந்தது.

லொரைனுக்கு ஒன்றும் புரியவில்லை. பேச்சை மாற்ற வழக்கமான கேலியையே எடுத்தாள். "ரஸ்டியைப் பாருங்க, கண்ணெடுக்காம பாத்துச்சு. அதுக்கும் ஒரு மார்க் போடச் சொல்லணும்." சொல்லிவிட்டு, மீதியைக் கிளைவ் முடிப்பதற்காகக் காத்திருந்தாள். கீலியும் காத்திருந்தாள்.

"அதுக்குப் பாக்கத்தான் தெரியும்" என்றார் கிளைவ். "எடுக்கச் சொல்லு பாப்போம்."

பிறகு சிப்ஸ் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "மறுபடி முதல்லேருந்து போடு. அந்தக் கார்கிட்ட நிக்கிற இடத்துல கேமராவைக் கொஞ்சம் கீழே வெச்சிருந்தா நான் இன்னும் உயரமா தெரிஞ்சிருப்பேன். அடுத்த வருஷம் அதையெல்லாம் நல்லா கவனிச்சுச் செய்."