அறுபது சதவீதச் சம்பந்தி

என் ஓரகத்தி கம்சாத்துக்கு ஹோட்டல் அறை பிடிக்கத் தெரியும். இதெல்லாம் ஒரு பெருமையா என்று கேட்பீர்கள். மூன்று வருடம் அவளோடு ஒரே மேசையில் உட்கார்ந்து டீ குடித்துப் பாருங்கள், புரியும்.

"அந்தால்யாவுல அஞ்சு நட்சத்திர ஹோட்டல்க்கா. ஜன்னலைத் திறந்தா கடல். நீங்க சரியாகாஷ் சானடோரியத்துக்குக் கட்டினதைவிடக் கம்மி!" என்று போனை என் மூக்குக்கு நேரே நீட்டுவாள். நான் அந்த சானடோரியத்தில் மூட்டுவலிக்காகப் பத்து நாள் உப்பில்லாத கஞ்சி குடித்துவிட்டு வந்தவள். என் கணவர் தூலேகெனும் தம்பி பெண்டாட்டியைப் பார்த்து, "கெட்டிக்காரி" என்று தலையாட்டுவார். இருபத்தாறு வருடத்தில் என்னை ஒரு தடவை அப்படிச் சொன்னதில்லை. எனக்கு வயிறு எரியும். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

இந்த வசந்தத்தில் என் மகள் ஷோல்பனுக்குத் தோடு போட ஆக்தோபே நகரிலிருந்து பையன் வீட்டார் ஆறு பேர் வருவதாக முடிவாயிற்று. எங்கள் வழக்கத்தில் மாமியார் கையால் தோடு ஏறிவிட்டால் நிச்சயம் முடிந்த மாதிரி. அந்தப் பையனுக்காக ஷோல்பன் நாலு வருடம் காத்திருந்தாள். எங்கள் இரண்டு அறை வீட்டில் ஆறு பேரைப் படுக்க வைக்க முடியாது என்பதால் ஹோட்டல்தான் என்று ஆயிற்று.

"கம்சாத்கிட்ட சொல்லு, அவ பிடிச்சுக் குடுப்பா" என்றார் தூலேகென்.

"என் சம்பந்திங்களுக்கு அவ எதுக்கு அறை பிடிக்கணும்? எனக்குக் கை இல்லையா, கண்ணு இல்லையா?"

பத்து நாள் போனும் கையுமாகக் கிடந்தேன். பால் இரண்டு முறை பொங்கி வழிந்தது. அலுவலகக் கம்ப்யூட்டரில் ஒரு விலை காட்டுகிற அறை போனில் வேறு விலை காட்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கூப்பன் உண்டு, அதனால் என் கணவர் நம்பரில் ஒரு கணக்குத் திறந்தேன். கடைசி ஒரே அறை என்று சிவப்பு எழுத்தில் மிரட்டும், மறுநாள் பார்த்தால் அந்தக் கடைசி அறை அப்படியே இருக்கும். வேலை விஷயமாக வந்து தங்குகிறவர்கள் வெள்ளிக்கிழமை கிளம்பிவிடுவதால், சனி ஞாயிறுகளில் பெரிய ஹோட்டல்கள் இறங்கி வரும் என்பதையும் கண்டுபிடித்தேன். அவர்கள் வர மூன்று நாள் இருக்கும்போது விலை இறங்கியது. எங்கள் ஷிம்கெந்த் நகர நடுவில், பளிங்குத் தரை போட்ட ஹோட்டல், மூன்று அறை, அறுபது சதவீதம் தள்ளுபடி. ஷோல்பனைப் பெற்றபோதுகூட நான் அப்படிக் கத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் விருந்து. பையனின் அம்மா ஜகிபா பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், நிமிர்ந்த கழுத்து, நிதானப் பேச்சு. தோட்டுப் பெட்டியைத் தன் டீக்கோப்பைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார்.

"எங்களை ராணி மாதிரி தங்க வச்சிட்டீங்க சம்பந்தி" என்றார். "அந்த மெத்தையில படுத்தா எழுந்திரிக்கவே மனசு வரல."

"எந்த ஹோட்டல்?" என்று கேட்டாள் கம்சாத். அவர் பெயரைச் சொன்னார். கம்சாத்தின் முகம் சுருங்கியது. "அதுவா? எத்தனையோ தடவை பாத்துட்டேன், எனக்குக் கட்டுப்படியே ஆகல."

அந்த முகத்துக்காகத்தான் நான் மூன்று வருடம் தவம் கிடந்தேன். தலைகால் புரியவில்லை. போனை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"அறுபது சதவீதம் தள்ளுபடிடீ! அதே ஹோட்டல்! நீயே பாத்துக்கோ!"

ஜகிபா கோப்பையைக் கீழே வைத்தார்.

"தள்ளுபடியா?" என்றார். "எங்க ஊர்ல சம்பந்தி வந்தா குதிரையை அறுப்போம். எது மலிவுன்னு தேட மாட்டோம்."

சொல்லிக்கொண்டே தோட்டுப் பெட்டியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டார். தூலேகென் தட்டைப் பார்த்தார். இறைச்சித் தட்டோடு வாசலில் நின்ற ஷோல்பன் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

கம்சாத் கலகலவென்று சிரித்து என் கையிலிருந்து போனைப் பறித்தாள்.

"ஐயோ அக்கா, என் மானத்தை இப்படியா வாங்குவீங்க! இது எங்கண்ணன் அடுத்த மாசம் வர்றான்னு நான் உங்க போன்ல பிடிச்சு வச்சதாச்சே!" ஜகிபா பக்கம் திரும்பினாள். "உங்களுக்கும் இதே மாதிரி பிடிச்சுத் தரேன்னு நான்தாங்க தலைதலையா அடிச்சிக்கிட்டேன். என் சம்பந்திங்களுக்கு முழு விலை கட்டினாத்தான் எனக்குத் தூக்கம் வரும்னு அக்காவுக்கு ஒரே பிடிவாதம். கஞ்சத்தனம் எல்லாம் என்னோடதுங்க."

ஜகிபா என்னையே பார்த்தார். "அப்படியா சம்பந்தி?"

"முழு விலைதான் கட்டினேன்" என்றேன்.

ஜகிபா கம்சாத்தை ஏற இறங்கப் பார்த்தார். "கூடப்பிறந்த அண்ணனுக்கே மலிவு தேடுவியாம்மா நீ?"

எல்லோரும் சிரித்தார்கள். கம்சாத்தும் காது சிவக்கச் சிரித்தாள். பெட்டி மறுபடி மேசைக்கு வந்தது. என் மகளின் காதில் தோடு ஏறியது. ஜகிபா அவள் நெற்றியில் முத்தமிட்டார்.

பிறகு சமையலறையில் நான் கழுவினேன், கம்சாத் துடைத்தாள். இனி ஆயுசுக்கும் குத்திக் காட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கதவைச் சாத்திவிட்டு என் காதருகே வந்தாள்.

"நிஜமாவே அறுபதாக்கா? நாப்பதுக்கு மேல நான் பாத்ததே இல்ல. எப்படிப் பிடிச்சீங்க?"

குரலில் பொறாமை அப்பட்டமாகத் தெரிந்தது. நான் குதித்திருக்க வேண்டும். "சனி ஞாயிறுல தேடு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தட்டைத் தேய்த்தேன். முன்னைவிட அதிகமாக அவள் மேல் பொறாமையாக இருந்தது.

அவளுக்கும் ஒரு பெண் இருக்கிறாள். அந்தப் பெண்ணுக்குத் தோடு போடுகிற நாளில் கம்சாத் இப்படி வாய் தவறியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன்.

கேட்டுச் சிரித்திருப்பேன்.