வெட்டாத காய்கள்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரிக்கும் சர்வேயருக்கும் கடைசிச் சுற்று என்றால், செஸ் கிளப்பில் டீ போடுகிறவர் அடுப்பைச் சீக்கிரமே பற்றவைத்துவிடுவார். பத்து நிமிடத்தில் கை குலுக்கிவிட்டு வந்துவிடுவார்களே. இவள் குதிரை வெளியே போகும், திரும்பி வரும். அவர் குதிரையும் அப்படியே. ஒரே நிலை மூன்று தடவை வந்தால் டிரா; இருவருக்கும் கோப்பை. வருஷா வருஷம் இதே கூத்து. பேசி வைத்த ஆட்டம் என்று எல்லோருக்கும் தெரியும். நடுவர் மட்டும் தெரியாத மாதிரி பேப்பர் படிப்பார். மூன்றாம் இடத்திலேயே வேர்விட்டுப்போன வங்கிக்காரரின் வயிற்றெரிச்சலை யாரும் சட்டை செய்ததில்லை.

"பத்து நிமிஷ ஆட்டத்துக்கு எதுக்குடி இவ்வளவு சிங்காரம்?" என்று இந்த வருஷ ஆட்டத்தன்று காலை இவளிடம் அக்கா கேட்டாள். அக்காவுக்குக் கண் கூர்மை, வாய் அதைவிட.

"சும்மாதான்."

சும்மா இல்லை. சர்வேயருக்கு மாற்றல் உத்தரவு வந்திருந்தது. அடுத்த மாதம் வேறு ஊர். மனைவியை இழந்த மனிதர். இவளும் தனிக்கட்டை. கண்ணாடி மாற்ற வரும்போது, "மேல பாருங்க சார், கீழ பாருங்க சார்" என்பாள். என்னைப் பாருங்க என்று சொல்ல மட்டும் நாக்கு எழாது. மிச்சம் இருந்தது வருஷத்துக்கு ஒரு ஆட்டம். அதையும் பேசி வைத்துப் பத்து நிமிடமாகக் குறைத்துக்கொண்ட கெட்டிக்காரி.

அன்றும் குதிரை வெளியே போனது. திரும்ப வேண்டிய நேரத்தில் இவள் ஓரத்துச் சிப்பாயைத் தள்ளினாள்.

"மேடம், குதிரை..." என்றார் சர்வேயர், உதடு அசையாமல்.

"தெரியும் சார். விளையாடுங்க."

அவர் முகம் சுருங்கியது. போகிற நேரத்தில் கோப்பை முழுசாக வேண்டுமாக்கும் என்று நினைத்திருப்பார். வங்கிக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டீ ஆறி, சூடாகி, மறுபடி ஆறியது.

இவளுக்கு ஜெயிக்க வேண்டாம், ஆட்டம் முடியாமல் இருந்தால் போதும். வெட்டக் கிடைத்த காயையெல்லாம் விட்டுவைத்தாள். யோசிக்கும்போது அவர் காதுமடலைத் தடவுவார் என்பதை இத்தனை வருஷத்தில் இன்றுதான் பார்த்தாள். முன்பெல்லாம் அவர் யோசித்தால்தானே.

வெயில் சன்னலை விட்டு இறங்கியபோது இவள் ராஜா வசமாக மாட்டியிருந்தார். யானையை ஒரு கட்டம் நகர்த்தினால் முடிந்தது. சர்வேயரின் கை யானைக்கு மேல் போய் நின்றது. கூட்டமாக நின்ற காய்களை அளப்பதுபோல் பார்த்தார். பிறகு இவளைப் பார்த்தார், நேராக.

"நீங்க எதையுமே வெட்டலையே மேடம்."

"வெட்டினா முடிஞ்சிடும் சார்."

அவர் கையை இழுத்துக்கொண்டார். காதுமடலைத் தடவினார். பிறகு யானையை விட்டுவிட்டு, எங்கோ நின்ற குதிரையை அதன் பழைய கட்டத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார்.

"சார், யானை!" என்றார் வங்கிக்காரர். நடுவர் முதல் தடவையாகப் பேப்பரை இறக்கி அவரை முறைத்தார்.

இவளும் குதிரையைத் திருப்பித் திருப்பி ஆடினால் பழைய டிரா, பழைய டீ. கடிகாரத்தில் இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, மெதுவாக யோசிக்க ஆரம்பித்தாள்.